பட்டறைக் கேள்வி பதில்: சுவிட்சை விட்டாலும் பிளேனர் நிற்பதில்லை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மரம் சீவும் கரண்ட் பிளேனரைப் பற்றியவை. எங்கள் அப்பா தோட்டத்து ஸ்டோரில் தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடித்த காலத்தில் பட்டறையில் இருந்தது ரெண்டு கைச் சீவுளி மட்டும். ஒன்றை அப்பா தொடுவார், மற்றதை நான் தொடலாம். இப்போது ஹட்டன் ஹார்ட்வெயார் கடைகளில் குக்கருக்குப் பக்கத்திலேயே பிளேனரை அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது கடைக்காரர் ஒரு தரம் ஓட்டிக் காட்டுவார். சத்தத்தைக் கேட்டு நாமும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். அதற்கு மேல் சொல்லித்தர ஆள் இல்லாததால்தான் இத்தனை கடிதம். நீளமான கடிதங்களைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: பாஸ், ஈரமான டர்பன்டைன் பலகை சீவும்போது சீவல் வெளியே வரும் வாய் அடைத்துக்கொள்கிறது. சுவிட்சை விட்டுவிட்டு விரலால் தோண்டி எடுப்பேன். கூட வேலை செய்யும் அண்ணன் ஒவ்வொரு முறையும் திட்டுகிறார். அவர் பயந்தவரா, நான் முட்டாளா?
— இளம் வாசகர், கொட்டகலை

பதில்: ரெண்டாவதுதான். கோபப்படாதீர்கள் தம்பி, அந்த வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கிறவன் நான்.

என் இடது கைச் சுட்டுவிரலுக்கு நகம் கிடையாது. எனக்கு இருபத்தாறு வயது இருக்கும். ஜூன் மாதம், நல்ல மழை. ஒரு பங்களா விறாந்தைக்குப் பலகை சீவிக்கொண்டிருந்தேன். நீங்கள் சொல்கிற அதே டர்பன்டைன். புத்தகத்தில் யூகலிப்டஸ் என்று எழுதுவார்கள், நமக்கு அது டர்பன்டைன். அறுத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, பிழிந்தால் தண்ணீர் வரும். சீவல் நூல் மாதிரி வராமல் ஈரக் கஞ்சி மாதிரி வாயில் அடைந்தது. சுவிட்சை விட்டேன். தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில், பிளேட் பூட்டிய உருளை இன்னும் ஓடுகிற சத்தம் காதுக்கு வரவில்லை. நின்றுவிட்டது என்று நினைத்து விரலை விட்டேன். வலி தெரியவில்லை. வாயிலிருந்து மீதிச் சீவல் வந்து விழுந்தது. அது சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் விரலைப் பார்த்தேன்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். வழக்கமான 82 மில்லிமீட்டர் பிளேனரின் உருளை நிமிடத்துக்கு 15,000 சுற்று அளவில் ஓடும். சில மெஷின் அதற்கும் மேல். உருளையில் ரெண்டு பிளேட். அப்படியென்றால் விநாடிக்கு 500 வெட்டு. சுவிட்சை விட்ட பிறகு வேகம் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் விநாடிக்கு 50 வெட்டு. விரலை இழுக்கிற வேகம் நம் யாரிடமும் இல்லை. உடனே நிறுத்தும் பிரேக் உள்ள மெஷின் ஒன்றிரண்டு உண்டு. நம் ஊர்ப் பட்டறைகளில் நான் பார்த்தது எல்லாம் பிரேக் இல்லாதவை.

அதனால் அடைப்பு எடுக்கிற முறை இதுதான்: சுவிட்சை விடுங்கள், மெஷினைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உருளை நிற்கும் வரை பொறுங்கள். காதை நம்பாதீர்கள். மெல்லத் திருப்பி, முகத்துக்கு நேராக இல்லாமல் எட்டப் பிடித்து, கண்ணால் பாருங்கள். அப்புறம் பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றிய பிளக்கை மேசையில் உங்கள் கண்முன்னாலேயே வையுங்கள். சுவரோரம் கிடந்தால், யாரோ ஒரு நல்ல மனுஷன் "கழன்று கிடக்குதே" என்று திரும்பவும் செருகிவிடுவார். எனக்கு ஒருமுறை நடந்திருக்கிறது, செருகியவர் டீ கொண்டுவந்த சின்னப் பையன். இத்தனையும் முடித்த பிறகும் விரல் வேண்டாம். சீவிய மூங்கில் குச்சி ஒன்றை மெஷின் பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.

அடைப்பதற்குக் காரணம் மூன்றுதான்: ஈர மரம், ஒரே தடவையில் அதிக ஆழம், மழுங்கிய பிளேட். உங்களுக்கு மூன்றும் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆழத்தை அரை மில்லிமீட்டருக்குக் குறைத்துப் பாருங்கள். டர்பன்டைன் பலகையை அறுத்த கையோடு சீவுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. இடையில் குச்சி வைத்து அடுக்கி, காற்று போகவிட்டு, மேலே பாரம் வைத்துச் சில மாதம் காய விடுங்கள். ஈரத்தில் நேராகச் சீவிய பலகை காய்ந்ததும் பாம்பு மாதிரி நெளியும்.

விரல் பட்டுவிட்டால் என்ன செய்வது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுத்தமான துணியால் இறுக்கி அழுத்துங்கள், கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள், 1990க்கு அழையுங்கள், சுவசெரிய ஆம்புலன்ஸ் வரும், காசு இல்லை. காப்பித்தூள் வைக்காதீர்கள். எனக்கு வைத்தார்கள். தையல் போடுவதற்கு முன்னால் அதைக் கழுவி எடுத்ததுதான் அன்றைக்கு உண்மையான வலி.

கேள்வி: எங்கள் வீட்டு முன்கதவு ஒவ்வொரு மழைக்கும் இறுகிவிடுகிறது. போன வருஷம் ஒரு தச்சு பாஸ் வந்து பிளேனரால் சீவிவிட்டுப் போனார். மாசியில் பார்த்தால் கதவுக்கும் நிலைக்கும் இடையில் பூனை எட்டிப் பார்க்கிற இடைவெளி. இப்போது மழை வந்து மேலே திரும்பவும் இறுகுகிறது. நானே ஒரு பிளேனர் வாங்கிவிட்டேன். எவ்வளவு சீவலாம்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மஸ்கெலியா

பதில்: ஐயா, முதலில் பிளேனரைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பிணைச்சலைப் பாருங்கள்.

இறுகுகிற கதவுகளில் பாதி வீங்கியவை அல்ல, தொங்கியவை. கதவைப் பாதி திறந்து, பூட்டுப் பக்கம் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். மேல் பிணைச்சல் ஆடினால் ஸ்க்ரூ துளை பெருத்துவிட்டது என்று அர்த்தம். ஸ்க்ரூவைக் கழற்றி, துளைக்குள் பசை தடவிய மரக்குச்சியை அடித்து, காய்ந்ததும் மட்டமாக வெட்டி, திரும்ப ஸ்க்ரூவை முறுக்குங்கள். மேல் மூலை தானாகத் தூக்கிக்கொள்ளும். ஒரு சீவல்கூட விழாமல் வேலை முடிந்த கதவுகள் எத்தனையோ.

அது சரியாக இருந்தால் எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் இருந்தவர், சோக்கட்டி வீட்டில் இருக்கும். நிலையின் உள்விளிம்பில் சோக்கைத் தடவிக் கதவை மூடித் திறந்தால், உரசும் இடத்தில் கதவில் வெள்ளை ஒட்டும். அந்த வெள்ளை இருக்கிற இடத்தை மட்டும் சீவினால் போதும். உங்கள் பாஸ் முழு நீளத்துக்கும் ஓட்டியிருப்பார், அதுதான் பூனை எட்டிப் பார்க்கிறது.

எவ்வளவு என்பதற்கு மஸ்கெலியா மழையைக் கணக்கில் எடுக்காமல் பதில் சொல்ல முடியாது. நம் பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் மழை. மரம் அந்த ஈரத்தைக் குடித்து அகலத்தில் வீங்கும், நீளத்தில் அநேகமாக வீங்காது. ஜூலையில் கதவு இருக்கிற அளவுதான் அதன் மிகப் பெரிய அளவு. அந்த நேரத்தில் உரசல் நின்றால் போதும், காற்றோட்டமான இடைவெளி விட வேண்டியதில்லை. பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்த கதவைச் சீவுகிறீர்கள் என்றால் மட்டும் சுற்றிவர ரெண்டு மில்லிமீட்டர் விடுங்கள். மூன்று ஹெக்ஸோ பிளேட்டைச் சேர்த்துச் செருகிப் பார்த்தால் கிட்டத்தட்ட அந்த அளவு. பதுளை, வெலிமடைப் பக்கம் இருப்பவர்கள் இதை அப்படியே எடுக்கக்கூடாது. அவர்களுக்குப் பெரிய மழை வருஷக் கடைசியில்.

கதவைக் கழற்றித்தான் சீவ வேண்டும். தொங்குகிற கதவின் மேல் விளிம்பில் ஏணியில் நின்று பிளேனர் ஓட்டுவதை நான் பார்த்திருக்கிறேன், பார்த்ததும் அந்த இடத்தை விட்டுப் போய்விடுவேன். கதவை விளிம்பு மேலே இருக்கும்படி நிறுத்தி, ரெண்டு பக்கமும் கட்டையோடு கிளாம்ப் போட்டு, ஆடாது என்று தள்ளிப் பார்த்த பிறகு தொடங்குங்கள். பூட்டுத் தகடு, தாழ்ப்பாள், ஸ்க்ரூ எல்லாம் முதலில் வெளியே. முடிந்தால் பிணைச்சல் பக்க விளிம்பைச் சீவுங்கள், பூட்டு இருக்கும் பக்கம் போனால் பூட்டுத் துளையின் கணக்கு மாறும். பூட்டுப் பக்கம்தான் உரசுகிறது, வேறு வழியில்லை என்றால், மூடும்போது முதலில் உள்ளே போகிற விளிம்பை ஒரு மயிரிழை கூடுதலாகச் சாய்த்துச் சீவுங்கள்.

மேல் விளிம்பில் ஒரு சூது இருக்கிறது. அங்கே நடுவில் குறுக்குச் சட்டத்தின் நார் நீளவாக்கில் ஓடும், ரெண்டு மூலையிலும் நிற்கும் சட்டத்தின் வெட்டுமுனை இருக்கும். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரே ஓட்டமாக ஓட்டினால், கடைசி மூலை பிய்த்துக்கொண்டு போகும், ஒரு விரல் நீளத்துக்குச் சிம்பு தெறிக்கும். அதனால் மூலையிலிருந்து நடுவுக்கு, பிறகு அடுத்த மூலையிலிருந்து நடுவுக்கு. அரை மில்லிமீட்டருக்கு மேல் வைக்காதீர்கள்.

சீவிய அன்றைக்கே, அன்றைக்கே என்றால் சாயந்தரத்துக்குள், அந்தப் பச்சை விளிம்புக்குப் பிரைமரும் பெயின்டும் அடித்துவிடுங்கள். கீழ் விளிம்புக்கும் சேர்த்து. கீழ் விளிம்புக்குப் பெயின்ட் அடித்த கதவை நம் ஊரில் நான் பத்துக்கு ஒன்று பார்த்தால் அதிகம். மழைத் தண்ணீர் ஏறுவது அங்கேதான். உங்கள் கதவு வருஷா வருஷம் வீங்குவதற்குக் காரணமும் அநேகமாக அதுதான்.

கேள்வி: மகன் கொழும்பில் ஜப்பான் பாவித்த சாமான் விற்கிற இடத்தில் ஒரு பிளேனர் மலிவாக வாங்கி வந்தான். ரெண்டு தட்டைப் பின் உள்ள பிளக். அதை வெட்டி நம் பிளக் போட்டு ஓட்டினான். விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம், பிறகு புகை. ஏமாற்றிவிட்டார்களா ஐயா?
— ஒரு தாய், இராகலை

பதில்: அம்மா, ஏமாற்றவில்லை. மெஷின் ஜப்பானில் நல்லபடியாகத்தான் ஓடியிருக்கும். அங்கே வீட்டுக் கரண்ட் 100 வோல்ட், நமக்கு 230. அதன் உடம்பில் ஒட்டியிருக்கும் தகட்டில் 100 என்று எழுதியிருக்கும், மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். ரெண்டு மடங்குக்கும் மேலான வோல்ட்டைக் கொடுத்தால், அந்தச் சின்ன மோட்டார் தன் வேகத்தை மீறிச் சுற்றி, உள்ளே சுற்றியிருக்கும் கம்பி வெந்துபோகும். விசில் சத்தம் அந்த வேகம். பிளேட் கழன்று பறக்கவில்லை, அதற்குக் கோயிலுக்கு ஒரு தேங்காய் உடையுங்கள்.

மோட்டார் கம்பி சுற்றுகிறவரிடம் காட்டலாம். கேட்கிற கூலியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பிழைத்துவிட்டால், 230ஐ 100 ஆக இறக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும். தகட்டில் 7 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 7ஐ 100ஆல் பெருக்க 700 வருகிறது. 700க்கு 700 வாங்கக்கூடாது, மரத்தில் இறங்கும்போது மோட்டார் கூட இழுக்கும். 1,500 வோல்ட்-ஆம்பியர் எடுத்தால் நிம்மதி. சீப்புப் பெட்டி அளவில் விற்கிற சின்ன கன்வேர்ட்டர் இதற்கு ஆகாது. நம் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், ஜப்பானில் பாதிப் பகுதி 60 என்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், உள்ளே உரசிக் கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டு உள்ள மோட்டாருக்கு அது பெரிய விஷயமில்லை.

ட்ரான்ஸ்போமர் போட்டாலும், கரண்ட் கசிந்தால் தானாக வெட்டும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். லயத்து வீடுகளில் பழைய வயரிங்கில் ட்ரிப் சுவிட்சே இல்லாத காம்பராக்கள் இன்னும் உண்டு. அங்கே ஈரத் தரையில் நின்று எந்தக் கரண்ட் ஆயுதத்தையும் எடுக்க வேண்டாம் என்று மகனுக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: கையுறை போட்டுக்கொள்ளலாமா?
— வாசகர், பொகவந்தலாவை

பதில்: கூடாது. பிளேட் முதலில் துணியைப் பிடிக்கும், பிறகு துணி கையைக் கொண்டுபோகும். நீளக் கை சேர்ட்டு, தொங்கும் சாரத் தலைப்பு, கோயில் கயிறு எல்லாவற்றுக்கும் இதே பதில். கயிற்றைக் கழற்ற மனமில்லை என்றால் மேலே இறுக்கிக் கட்டி நுனியை வெட்டிவிடுங்கள். போட வேண்டியவை கண்ணாடி, காது மூடி, மூக்குக்கு நல்ல மாஸ்க். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 1995இல் முதல் வகையில் சேர்த்து வைத்திருக்கிறது. கைக்குட்டை கட்டுவது முகத்துக்கு அழகு, நுரையீரலுக்கு ஒன்றுமில்லை.

கேள்வி: எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் பலகையின் ரெண்டு முனையிலும் குழி விழுகிறது. மெஷின் பிழையா, கை பிழையா?
— தளபாட வேலை பழகுகிறவர், பண்டாரவளை

பதில்: பொதுவாகக் கை. ஆனால் மெஷினையும் ஒருமுறை விசாரித்துவிடுவோம்.

பிளேனருக்கு அடியில் ரெண்டு தட்டு. முன்தட்டு ஏறி இறங்கும், நீங்கள் குமிழைத் திருப்பி ஆழம் வைப்பது அதைத்தான். பின்தட்டு அசையாது. பிளேட் நுனி உயரத்தில் வரும்போது பின்தட்டோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, மெஷினைக் கவிழ்த்து, ஒரு ஸ்டீல் அடிமட்டத்தைப் பின்தட்டின் மேல் வைத்து பிளேட்டின் மேல் நீட்டுங்கள். ஒரு மரக்குச்சியால் உருளையை மெல்லச் சுற்றுங்கள். பிளேட் அடிமட்டத்தை முத்தமிட்டுவிட்டுப் போக வேண்டும், தூக்கவும் கூடாது, எட்டாமலும் போகக்கூடாது. தூக்கினால் பலகையின் கடைசியில் குழி. எட்டாவிட்டால், பின்தட்டு வெட்டாத மரத்தில் ஏறி, கொஞ்ச தூரத்தில் பிளேட் காற்றைத்தான் சீவும். பிளேட்டின் ரெண்டு மூலையிலும் இதைச் செய்யுங்கள், ரெண்டு பிளேட்டுக்கும் செய்யுங்கள்.

அது சரி என்றால் கைக்கு வருவோம். தொடக்கத்தில் பலகையில் உட்கார்ந்திருப்பது முன்தட்டு மட்டும், அதனால் பாரம் முழுவதும் முன்கைப்பிடியில். நடுவில் ரெண்டு கையும் சமம். முன்தட்டு பலகையை விட்டு வெளியே போனதும் முன்கையைத் தளர்த்தி, பாரத்தைப் பின்னுக்கு மாற்ற வேண்டும். எல்லோரும் பிழை விடுவது இங்கேதான். "முடிந்தது" என்ற நினைப்பில் முன்கையை அமுக்குகிறோம், மெஷின் மூக்கைக் குத்திக்கொள்கிறது. என் அப்பா கைச் சீவுளிக்கு இதைச் சொல்லித்தந்தது வேறு மாதிரி: "தொட்டில் ஆட்டாதடா, வண்டி தள்ளு." பிளேனருக்கும் அது அப்படியே பொருந்துகிறது. இன்னொன்று, மெஷினை மரத்தில் வைத்துக்கொண்டு சுவிட்சைப் போடாதீர்கள். முன்தட்டு மட்டும் மரத்தில், பிளேட் மரத்தைத் தொடாமல், முழு வேகம் எடுத்த பிறகு தள்ளுங்கள்.

கேள்வி: கரண்ட் போய்ப் போய் வரும் எங்கள் பக்கத்தில் பிளேனர் சுவிட்சை அமுங்கியபடியே நிறுத்தி வைக்கும் லொக் பொத்தானைப் பாவிக்கலாமா? விரல் வலிக்கிறது.
— வாசகர், நாவலப்பிட்டி

பதில்: 2022ஐ மறந்திருக்க மாட்டீர்கள், ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலம். என் பட்டறையில் வேலை பழகிய பையன் லொக்கைப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. மெஷினை அப்படியே மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். மதியம் கரண்ட் வந்தது. பிளேனர் தானாக எழுந்து, தன் பிளேட்டையே சக்கரமாக வைத்து மேசையில் ஓடி, கீழே விழுந்து, தன் வயரைத் தானே அறுத்துக்கொண்டு நின்றது. மேசைக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. அந்தத் தடம் மேசையில் இன்னும் இருக்கிறது, நான் இழைத்து அழிக்கவில்லை. வருகிற பையன்களுக்குக் காட்டுவதற்கு அது வேண்டும்.

லொக் வேண்டாம். விரல் வலித்தால் ஓய்வெடுங்கள்.

கேள்வி: பிளேட்டைச் சாணை பிடிப்பதா, மாற்றுவதா? எப்போது என்று எப்படித் தெரியும்?
— மூன்று வாசகர்கள் (தலவாக்கலை, ஹப்புத்தளை, கம்பளை)

பதில்: உங்கள் மெஷினில் இருப்பது எந்த பிளேட் என்பதைப் பொறுத்தது. சுமார் ஐந்தரை மில்லிமீட்டர் அகலத்தில் தீப்பெட்டிக் குச்சி மாதிரி மெல்லிசாக இருந்தால் அது கார்பைட். ரெண்டு பக்கமும் கூர், ஒரு பக்கம் போனால் திருப்பிப் போடலாம், ரெண்டும் போனால் எறிய வேண்டியதுதான். சாணை பிடிக்க ஆசைப்படாதீர்கள். ரெண்டு விரல் அகலத்தில் கனமாக இருந்தால் அது ஸ்டீல் பிளேட், தண்ணீர்க் கல்லில் தீட்டலாம். தீட்டினால் ரெண்டையும் ஒரே அளவு தீட்ட வேண்டும். ஒன்று தேய்ந்து ஒன்று கனமாக இருந்தால் அந்த வேகத்தில் மெஷின் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கும். எந்த வகையானாலும் ஜோடியாகத்தான் மாற்றுவது.

மழுங்கியது தெரிய மீட்டர் வேண்டாம். சீவல் வராமல் தூள் வரும், தள்ள வேண்டியிருக்கும், மரத்தில் பழுப்பாகக் கருகல் தெரியும். நீளமாக ஒரே கோடு மேடாக ஓடினால் பிளேட்டில் பல் விழுந்திருக்கிறது, ஆணி பட்ட அடையாளம்.

மாற்றும்போது பிளக் வெளியே. உருளை சுற்றாமல் ஒரு மரக்கட்டையை ஆப்பாக வையுங்கள், விரலை வைக்காதீர்கள். கழற்றிய இடத்தில் பிசினும் தூளும் கல்லாக ஒட்டியிருக்கும். அதைத் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுச் சுத்தமாகத் துடைத்து, காய விட்ட பிறகே புது பிளேட். ஒரு தூள் அடியில் இருந்தாலும் பிளேட் தூக்கி நிற்கும். ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாறி மாறி இறுக்கி, கடைசியில் ஒவ்வொன்றையும் இன்னொரு முறை தொட்டுப் பாருங்கள். தலை வழுக்கிய ஸ்க்ரூவை "இன்னும் ஒரு வேலைக்கு" என்று விடாதீர்கள். பிறகு மெஷினை ஆள் இல்லாத பக்கம் பிடித்து அரை நிமிடம் வெறுமனே ஓட விட்டு, நடுக்கம் இல்லை என்றால் மரத்துக்கு வாருங்கள்.

கேள்வி: தோட்டத்துப் பழைய ஸ்டோரை உடைத்தபோது மேல்மாடிப் பலகை நிறைய கிடைத்தது. நல்ல வைரம் பாய்ந்த மரம். பிளேனரில் விடலாமா?
— வாசகர், லிந்துலை

பதில்: கொடுத்து வைத்தவர் நீங்கள், அந்த மாதிரி மரம் இப்போது கிடைக்காது. ஆனால் ஒவ்வொரு பலகையிலும் நீங்கள் பார்க்காத ஆணி ஒன்று இருக்கிறது என்று நம்பித் தொடங்குங்கள். தலை உடைந்து உள்ளே போன ஆணிக்கு மேல் கறுப்பாக ஒரு பொட்டு தெரியும், துரு மரத்தில் கசிந்த கறை. பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டிப் பலகை மேல் மெல்லக் கொண்டுபோங்கள், ஆணி இருக்கும் இடத்தில் ஒரு பக்கமாக இழுக்கும். நான் இருபது வருஷமாக அப்படித்தான் தேடுகிறேன். அப்புறம் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மண்ணையும் சீமெந்துத் துளியையும் எடுங்கள், அவையும் பிளேட்டைத் தின்னும். பலகையில் பழைய பெயின்ட் இருந்தால் அதைப் பிளேனரால் சீவிப் பறக்கவிட வேண்டாம். அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்கலாம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள். முதல் சீவலுக்குப் பழைய பிளேட்டைப் போடுங்கள்.

கேள்வி: மோட்டார் ஓடுகிறது, பிளேட் சுற்றவில்லை. ரப்பர் கருகிய வாசம்.
— வாசகர், பதுளை

பதில்: பெல்ட் போய்விட்டது. பிளக்கைக் கழற்றி, பக்கவாட்டு மூடியைத் திறந்தால் கந்தலாகக் கிடக்கும். பெல்ட்டில் இலக்கம் அழியாமல் இருந்தால் அதைக் கொண்டுபோய்க் காட்டி அதே இலக்கத்தை வாங்குங்கள். சின்னச் சக்கரத்தில் மாட்டி, பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே ஏற்றிவிடலாம், ஸ்க்ரூ ட்ரைவரால் நெம்ப வேண்டாம். மூடியைத் திறந்த கையோடு கார்பனையும் பாருங்கள். ஐந்தாறு மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தால், அல்லது மோட்டாருக்குள் நீல நெருப்பு வளையமாகத் தெரிந்தால், ரெண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பெல்ட் ஏன் போனது என்று யோசியுங்கள், மழுங்கிய பிளேட்டை அமுக்கி அமுக்கி ஓட்டியிருப்பீர்கள்.

கேள்வி: அண்ணா, எனக்கு 22 வயது. வீட்டில் அப்பாவின் பிளேனர் சும்மா கிடக்கிறது. தொட்டால் "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு" என்கிறார்கள். கற்றுக்கொள்ள முடியுமா?
— வாசகி, தலவாக்கலை

பதில்: தங்கச்சி, ஒரு நாளைக்குப் பதினெட்டு, இருபது கிலோ கொழுந்தைச் சுமக்கிற ஊரில் மூன்று கிலோ மெஷினைத் தூக்க முடியாது என்று யார் சொன்னார்கள்? பலம் இதற்கு வேண்டவே வேண்டாம். அமுக்கினால்தான் கெடும்.

பலகை உங்கள் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரும்படி மேசை. முடியைக் கட்டிக் கொண்டை போடுங்கள், சால்வை வேண்டாம். வயர் வலது தோளுக்கு மேலால் பின்னுக்குப் போகட்டும், பிளேட்டுக்கு முன்னால் ஒருபோதும் வரக்கூடாது. பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஒரு கையால் பலகை, ஒரு கையால் பிளேனர் என்பது கிடையாது, ரெண்டு கையும் மெஷினில். ஒரு அடிக்குக் குறைந்த துண்டைக் கைச் சீவுளிக்கு விட்டுவிடுங்கள். பலகையின் ஓரத்தில் நார் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பாருங்கள், அது ஏறுகிற திசையிலேயே தள்ளுங்கள். எதிர்த்துப் போனால் மீன் செதில் மாதிரி பெயர்ந்து வரும். கீழே வைக்கும்போது முன்பக்கத்துக்கு அடியில் ஒரு சட்டத்தை வைத்து, பிளேட் எதையும் தொடாமல் வையுங்கள், அதுவும் உருளை நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகு.

பழக முதல் பலகை சவுக்கு எடுங்கள். கடற்கரைச் சவுக்கு இல்லை, தேயிலைக்கு நிழலாக நிற்கிற நம்ம மலைச் சவுக்கு. மெத்தென்று சீவும், மீன் கண் மாதிரி வரி விழும். அதன் தூள் சிலருக்கு அரிக்கும், வேலை முடிந்ததும் கையையும் முகத்தையும் கழுவுங்கள். டர்பன்டைனில் தொடங்காதீர்கள். அப்பாவின் மெஷின் ரொம்ப நாள் கிடந்தது என்றால் பிளேட் ஸ்க்ரூவை இறுக்கிப் பார்க்காமல் பிளக்கைச் செருகவே வேண்டாம்.